ஃபிஹ்ரிஸ்த்தின் எட்டாம் பகுதி

அரபு நூலடைவுக் கலையைப் பற்றிப் பேசப் புகுவோர் அனைவரும் முஹம்மது இப்னு இஸ்ஹாக் அந்நதீம் என்னும் பெரியாரிடமிருந்தே தொடங்குவர். இப்னு நதீம் என்று நம் வழக்கில் குறிப்பிடப்படும் அவர், ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த புத்தக வணிகர். புத்தக வணிகரின் மகன். ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) அவர் தொகுத்த 'அல்-ஃபிஹ்ரிஸ்த்', அரபியில் அந்நாள்வரை இயற்றப்பட்டும் பிற மொழிகளிலிருந்து பெயர்க்கப்பட்டும் இருந்த நூல்களையும் அவற்றின் ஆசிரியர்களையும் பத்துப் பெரும் பகுதிகளில் அடக்கித் தருகிறது. எழுத்துகள், வேதங்கள், திருக்குர்ஆன் கலைகள் என்று முதற்பகுதி தொடங்குகிறது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் அந்த முதற்பகுதியையும், கிரேக்க நூல்களின் மொழிபெயர்ப்பைச் சொல்லும் ஏழாம் பகுதியையும் எடுத்துரைத்து அமைந்துவிடுவர். நாம் இங்கு எடுத்துக்கொள்வது எட்டாம் பகுதியை. அது கதை நூல்களைப் பற்றியது.

அப்பகுதியை நாம் தேடிச் சென்றதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அரபிக் கல்லூரியின் குதுப்கானாவுக்கு, காலஞ்சென்ற வணிகர் ஒருவரின் குடும்பத்தார் அவருடைய நூல்கள் அனைத்தையும் வக்ஃபாக அளித்தனர். அவர் ஆலிம் அல்லர். ஆயினும் கண்ணில் பட்ட நல்ல நூலை விடாமல் வாங்கியவர். தஃப்ஸீர் ஜலாலைனுக்கும் மிஷ்காத்துக்கும் பக்கத்தில், பெய்ரூத்தில் அச்சான 'அல்ஃப் லைலா' இருந்தது. ஜுஹாவின் வேடிக்கைகள், ஜுர்ஜி ஸைதானின் வரலாற்றுப் புதினங்கள் சில, வைக்கம் முகம்மது பஷீரின் கதைகள், ஒரு யூனானி மருத்துவ நூல், ஒரு சமையல் புத்தகம் எல்லாம் கலந்து கிடந்தன. நிர்வாகக் குழு கூடியது. இல்முக்குரிய இடத்தில் கதைக்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்டார். கதை நூல்கள் பதிவேட்டில் ஏறலாகாது என்று முடிவாயிற்று. தரம் பிரிக்கும் பணி நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. நாம் மறுப்பொன்றும் கூறாமல் நம் கையாலேயே பிரித்து இரண்டு சாக்குகளில் கட்டி வைத்தோம்.

அதே வாரத்தில் மேல் வகுப்பு மாணவர்களுக்கு 'மகாமாத் ஹரீரி' நடத்திக்கொண்டிருந்தோம். ஊர் ஊராகச் சென்று சொல்வன்மையால் மக்களை ஏமாற்றிப் பொருள் பறிக்கும் அபூ ஸைத் அஸ்ஸரூஜியின் திருவிளையாடல்களே அந்நூல் என்பதை ஓதியவர்கள் அறிவர். மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், இந்த அபூ ஸைது மெய்யாகவே வாழ்ந்தவரா?" என்று கேட்டார். பஸ்ராவின் பனூ ஹராம் பள்ளிவாசலில் ஹரீரி கண்ட ஒரு யாசகரே மூலம் என்று சொல்வோர் உண்டு. ஆயினும் நூலில் உள்ள நிகழ்ச்சிகள் ஹரீரியின் படைப்பு என்றோம். "அப்படியென்றால் இதுவும் கதைதானே ஹஜ்ரத்?" என்றார் அவர். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். நாம் பாடத்தைத் தொடர்ந்தோம். விடை சொல்லாத அக்கேள்விதான் நம்மை ஃபிஹ்ரிஸ்த்திடம் கொண்டு சென்றது.

இப்னு நதீமின் தொழிலை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். 'வர்ராக்' என்னும் சொல் காகிதத்தைக் குறிக்கும் 'வரக்' என்பதிலிருந்து பிறந்தது. காகிதம் விற்பவர், பிரதி எடுப்பவர், கட்டடம் செய்பவர், நூல் விற்பவர் எல்லாரும் வர்ராக்தான். பெரும்பாலும் ஒருவரே இவ்வளவும் செய்தார். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதை வருணித்த யஃகூபி, நகரின் ஒரு புறத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட வர்ராக் கடைகள் இருந்ததாக எழுதுகிறார். இன்றும் பக்தாதில் முத்தனப்பீ என்னும் கவிஞரின் பெயர் தாங்கிய தெருவில் வெள்ளிக்கிழமைதோறும் நூல்களைத் தரையில் பரப்பி விற்கின்றனர். 2007 மார்ச் 5இல் அத்தெரு குண்டுவெடிப்பில் சிதைந்து பலர் மாண்டனர். மீண்டும் கடைகள் எழுந்தன. 2021 டிசம்பரில் புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டது.

பழைய வர்ராக் கடையில் ஃபிக்ஹு நூலும் கதை நூலும் பக்கம் பக்கமாகக் கிடந்திருக்க வேண்டும். வாங்க வருபவர் எதைக் கேட்பார் என்று கடைக்காரருக்குத் தெரியாது. நூல் மீது பித்துக்கொண்ட மூவரைப் பற்றி ஃபிஹ்ரிஸ்த் ஒரு செய்தி சொல்கிறது. முதலாமவர் ஜாஹிழ்: கைக்குக் கிடைத்த நூல் எதுவாயினும் தொடக்கம் முதல் முடிவு வரை படித்துவிடுவார், வர்ராக்குகளின் கடைகளை வாடகைக்கு எடுத்து இரவெல்லாம் அங்கேயே தங்கிப் படிப்பார். இரண்டாமவர் கலீஃபா முத்தவக்கிலின் அணுக்கர் ஃபத்ஹ் இப்னு காகான்: அவையிலிருந்து ஏதேனும் தேவைக்கு எழுந்தால் உடன் வைத்திருக்கும் நூலை எடுத்துப் படித்துக்கொண்டே செல்வார், கழிப்பிடத்தில்கூட விடமாட்டார். மூன்றாமவர் மாலிகி மத்ஹபின் பேரறிஞர் காஜி இஸ்மாயீல் இப்னு இஸ்ஹாக் (ரஹ்): அவரை எப்போது காணச் சென்றாலும் ஒரு நூலைப் பார்த்துக்கொண்டோ, நூல்களைப் புரட்டிக்கொண்டோ, தூசி தட்டிக்கொண்டோ இருப்பாராம். இலக்கியவாதி, அமைச்சர், நீதிபதி ஆகிய மூவரையும் இப்னு நதீம் ஒரே மூச்சில் சொல்வது கவனிக்கத்தக்கது.

நூல்களைப் பற்றி அவர் தரும் செய்திகள் வணிகருக்கே உரிய கண்டிப்பு உடையவை. ஒரு கவிஞரின் பாடல்கள் பத்து ஏடுகள் என்று தாம் குறித்தால், அந்த ஏடு 'சுலைமானி' அளவினது, பக்கத்துக்கு இருபது வரிகள் கொண்டது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். வாங்குபவர் ஏமாறலாகாது, விற்பவர் அளவில் ஏய்க்கலாகாது. தாமே கண்ட நூலுக்குக் கண்டேன் என்பார். பிறர் சொல்லக் கேட்டதற்குச் சொன்னவரின் பெயரைத் தருவார். தெரியாத இடத்தை வெற்றிடமாக விட்டார். பின்வருவோர் நிரப்பிக்கொள்ளட்டும் என்பது கருத்து. பழைய கையெழுத்துப் பிரதியில் அவ்வெற்றிடங்களை இன்றும் காணலாம். அப்பிரதியின் முற்பாதி டப்ளின் நகரில் செஸ்டர் பீட்டி நூலகத்திலும் பிற்பாதி இஸ்தான்பூலிலும் உள்ளன. நமக்கு வேண்டிய எட்டாம் பகுதி இஸ்தான்பூல் பாதியில் இருக்கிறது.

ஹதீஸா என்னும் ஊரில் நிகழ்ந்ததாக அவர் எழுதும் ஒரு செய்தியைப் படிக்குந்தோறும் நம் மனம் கலங்கும். அங்கே முஹம்மது இப்னு ஹுஸைன் என்னும் நூல் சேகரிப்பாளர் இருந்தார். அவருடைய சேகரிப்பைப் போல் எவரிடமும் கண்டதில்லை என்கிறார் இப்னு நதீம். அவரோ ஆட்சியாளருக்கு அஞ்சித் தம் நூல்களை எவருக்கும் காட்டாதவர். பல முறை சந்தித்துப் பழகிய பின்னரே மனம் இளகி, முந்நூறு ராத்தல் எடையுள்ள ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். அதில் தோல்களும், எகிப்தின் பாபிரஸ் தாள்களும், சீனக் காகிதமும் இருந்தன. பழங்கால அறிஞர்களின் சொந்தக் கையெழுத்துகளும், அவற்றை மெய்ப்பித்து அடுத்தடுத்த தலைமுறையினர் இட்ட சான்றுகளும் இருந்தன. அரபு இலக்கணம் அபுல் அஸ்வத் அத்துஅலீ (ரஹ்) அவர்களிடமிருந்து தோன்றியது என்பதற்குச் சான்றான நான்கு ஏடுகளையும் அங்கேதான் கண்டார். பின்னர் அச்சேகரிப்பாளர் இறந்தார். பெட்டி என்னவாயிற்று என்று இப்னு நதீம் எவ்வளவோ விசாரித்தும், அதிலிருந்த ஒரு முஸ்ஹஃபைத் தவிர வேறெதைப் பற்றியும் செய்தி கிடைக்கவில்லை.

பக்தாதின் நூல்கள் அழிந்ததைப் பேசும்போதெல்லாம், தாத்தாரியர் 1258இல் எறிந்த நூல்களால் திஜ்லா ஆறு கறுத்தது என்று சொல்லிப் பெருமூச்சு விடுவது நம்மவர் வழக்கம். அப்படையெடுப்பின் கொடுமையை யாரும் மறுக்க இயலாது. ஆயினும் ஃபிஹ்ரிஸ்த்தில் பெயர் மட்டும் எஞ்சியிருக்கும் நூல்களில் பல, பகைவர் கை படாமலேயே போனவை என்றே நாம் கருதுகிறோம். பிரதி எடுப்பார் இல்லாமையாலும், பெட்டிக்குள் பூட்டி வைத்தமையாலும், வாரிசுகள் அருமை அறியாமையாலும் நூல் அழிவது அமைதியாக நடக்கும்; அதைப் பாட எவரும் இல்லை.

இனி எட்டாம் பகுதி. இரவுக் கதைகள், 'குராஃபாத்' எனப்படும் கற்பனைக் கதைகள் ஆகியவற்றுடன் அது தொடங்குகிறது. அடுத்து மந்திரவாதிகளும் கண்கட்டு வித்தைக்காரர்களும் வருகின்றனர். இறுதியில், வேறெங்கும் அடங்காத நூல்களை அவர் ஒரே இடத்தில் கொட்டி வைக்கிறார்: குதிரை மருத்துவம், வேட்டைப் பறவைகள், போர்க்கருவிகள், கனவு விளக்கம், வாசனைப் பொருள்கள், சமையல், நஞ்சுகள். மதியிலிகளின் வேடிக்கைகளைச் சொல்லும் நூல்களுள் ஜுஹாவின் பெயரும் இருக்கிறது. நம் வணிகரின் சேகரிப்பில் சமையல் புத்தகத்தையும் ஜுஹாவையும் கண்டு முகம் சுளித்த நாம் இவ்விடத்தைப் படித்தபோது சற்று வெட்கப்பட்டோம்.

கதைகளை முதன்முதலில் நூலாக்கிக் கருவூலங்களில் வைத்தவர்கள் பண்டைப் பாரசீகர் என்கிறார் அவர். அரபியர் அவற்றைத் தம் மொழிக்குக் கொண்டுவந்து, மெருகேற்றி, அவற்றைப் போலவே தாமும் இயற்றினர். அவ்வகையில் முதல் நூலாக அவர் சொல்வது 'ஹஸார் அஃப்ஸான்', அதாவது ஆயிரம் கதைகள். பெண்களை மணந்து மறுநாள் கொன்றுவிடும் மன்னன், அவனை மணந்து கதையை முடிக்காமல் நிறுத்தி நிறுத்தி ஆயிரம் இரவுகளைக் கடத்திய ஷஹ்ராஸாத், அவளுக்குத் துணை நின்ற தீனாராஸாத் என்று வாசகர்கள் நன்கறிந்த சட்டகத்தை அவர் சுருக்கிக் கூறுகிறார். ஆயிரம் இரவுகள் இருந்தும் கதைகள் இருநூறுக்குக் குறைவே. ஒரே கதை பல இரவுகளுக்கு நீளும் என்பதையும் எண்ணிச் சொல்கிறார். அந்நூலை முழுமையாகப் பல முறை கண்டதாகக் கூறிவிட்டு, உண்மையில் அது சாரமற்ற நூல், சொல்லும் முறையும் சுவையற்றது என்று தீர்ப்பளித்துவிடுகிறார்! உலகமே வியந்து பாராட்டும் நூலைப் பற்றிய தொடக்ககாலத் திறனாய்வுகளில் ஒன்று இவ்வளவு கடுமையாக அமைந்தது.

இவ்விடத்தில்தான் நாம் நெடுநேரம் நின்றோம். நூல் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் அதைத் தள்ளவில்லை. பெயர், பொருள், தோற்றம், அளவு, தரம் அனைத்தையும் பதிந்தார். அவரைவிட நாற்பது ஆண்டுகளுக்கு முன் மஸ்ஊதி 'முரூஜுத் தஹப்' நூலில் ஆயிரம் இரவுகளைப் பற்றித் தந்த சிறு குறிப்பையும் இவருடைய பதிவையும் நீக்கிவிட்டால், அக்கதைத் தொகுப்பின் தொடக்க வரலாற்றை எழுத நம்மிடம் எஞ்சுவது சொற்பம்.

கதை நூல்களின் பெருக்கத்துக்கும் அவர் ஒரு காரணம் காட்டுகிறார். அப்பாஸிய கலீஃபாக்களின் காலத்தில், குறிப்பாக முக்ததிரின் ஆட்சியில் (ஹி. 295–320), இரவுக் கதைகளுக்கு மிகுந்த வேட்கை இருந்தது. வர்ராக்குகள் அதைக் கண்டு தாமே கதை புனைந்தனர், பொய்யும் கலந்தனர் என்று தம் தொழிலினரையே குற்றம் சாட்டி, அவ்வாறு செய்தவருள் இப்னு தல்லான் போன்றோரின் பெயரையும் வெளியிடுகிறார். மற்றொரு புறம், அமைச்சர்களின் வரலாற்றை எழுதிய ஜஹ்ஷியாரி (இறப்பு ஹி. 331) போன்ற மதிப்புக்குரியவரும் இத்துறையில் இறங்கினார். அரபு, பாரசீகம், ரோம் முதலிய நாடுகளின் கதைகளைக் கதைசொல்லிகளை வரவழைத்துக் கேட்டும், நூல்களிலிருந்து பொறுக்கியும், ஆயிரம் இரவுக் கதைகளைத் தொகுக்கத் தொடங்கினார். இரவுக்கு ஒரு முழுக்கதை, ஏறத்தாழ ஐம்பது ஏடுகள். நானூற்று எண்பது இரவுகள் முடிந்தபோது மரணம் வந்துவிட்டது. அதன் சில பகுதிகளைத் தாம் கண்டதாக இப்னு நதீம் கூறுகிறார். இன்று அந்நூல் இல்லை.

முக்ததிர் காலத்து அரண்மனை நிகழ்ச்சியொன்றை ஸூலி எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் ராளி என்னும் பெயரில் கலீஃபாவான இளவரசருக்கு அவர் ஆசிரியராக இருந்தார். ஒரு நாள் பாடம் நடக்கும்போது, இளவரசரின் பாட்டியார் அனுப்பிய ஏவலர்கள் வந்து, அங்கிருந்த நூல்களையெல்லாம் துணியில் கட்டி எடுத்துச் சென்றனர். இளவரசர் சினந்தார். சில மணி நேரம் கழித்து நூல்கள் திரும்பி வந்தன. இவை ஹதீஸும் ஃபிக்ஹும் மொழியும் கவிதையும் வரலாறும் சார்ந்த அறிஞர் நூல்கள். நீங்கள் படிக்கும் கடல் அதிசயங்கள், சிந்துபாத் கதை, பூனையும் எலியும் போன்றவை அல்ல என்று உங்களை அனுப்பியவரிடம் சொல்லுங்கள் என்றாராம் இளவரசர். (இங்குக் கூறப்படும் சிந்துபாத் கடலோடி அல்லர், ஃபிஹ்ரிஸ்த்திலும் இடம்பெறும் 'ஞானி சிந்துபாத்' ஆக இருக்கலாம்.) கதை நூலைத் தேடிப் பறிமுதல் செய்த பெரியவர்களையே நாம் அறிவோம். இங்கோ, பேரன் கிதாபுகளுடன் இருக்கிறான். அவை என்னவென்று சோதிக்க ஆளனுப்பிய பாட்டியார் கதை படிக்கிறார்.

கதைக்கு எதிரான வாதமும் நம் மரபில் வலுவாகவே உள்ளது. அதை மறைப்பது நேர்மையன்று. நள்ர் இப்னு ஹாரிஸ் என்பவன் பாரசீக மன்னர்களின் கதைகளை வாங்கி வந்து, திருக்குர்ஆனைச் செவியுறாமல் மக்களைத் திசைதிருப்பினான் என்பதை லுக்மான் அத்தியாயத்தின் ஆறாம் வசன விளக்கத்தில் முஃபஸ்ஸிர்கள் குறிப்பிடுகின்றனர். கதை சொன்னது குற்றமா, அல்லாஹ்வின் பாதையிலிருந்து திருப்புவதற்காகச் சொன்னது குற்றமா என்று பிரித்துணர வேண்டும். இமாம் திர்மிதி (ரஹ்) தம் 'ஷமாயில்' நூலில் நபி (ஸல்) அவர்களின் இராப்பேச்சுக்கென்றே ஒரு பாடம் அமைத்திருக்கிறார்கள். 'குராஃபா' என்னும் சொல், ஜின்கள் பிடித்துச் சென்று திரும்பிய உத்ரா குலத்து மனிதரின் பெயர் என்பதைக் கூறும் அறிவிப்பு அங்கே உள்ளது. அதன் தொடரில் பலவீனம் உண்டென அறிஞர்கள் கூறியுள்ளனர். அதே பாடத்தில் வரும் உம்மு ஸர்உ ஹதீஸோ புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றது. பதினொரு பெண்கள் கூடியிருந்து தத்தம் கணவரைப் பற்றி ஒளிவு மறைவின்றிப் பேசிய செய்தியை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்ல, நபி (ஸல்) அவர்கள் கேட்டிருந்தார்கள். காஜி இயாள் (ரஹ்) அந்த ஒரு ஹதீஸுக்கென்றே தனி நூல் எழுதினார்கள்.

நம் மாணவரின் கேள்விக்கு வருவோம். அக்கேள்வியை ஹரீரியே (இறப்பு ஹி. 516) எதிர்பார்த்திருந்தார். அறியாதவர்களும் அறிந்தே பகைப்பவர்களும் தம்மைக் குறைகூறக்கூடும் என்று முன்னுரையிலேயே எழுதுகிறார். விலங்குகளும் உயிரற்ற பொருள்களும் பேசுவதாக இயற்றப்பட்ட நூல்களை எந்த அறிஞரும் வெறுத்ததில்லையே என்று கேட்கிறார். எண்ணத்தைப் பொறுத்தே செயல் என்னும் நபிமொழியை நினைவூட்டி, ஏய்ப்பதற்கன்றி எச்சரிப்பதற்காகப் புனைந்தவருக்கு என்ன குற்றம் என்று வாதிடுகிறார். இவ்வாதத்தை பக்தாதின் இலக்கண அறிஞர் இப்னுல் கஷ்ஷாப் (இறப்பு ஹி. 567) ஏற்கவில்லை. 'கலீலா வ திம்னா'வில் நரி பேசினால் எவரும் மெய்யென்று நம்பமாட்டார். அபூ ஸைத் போன்ற ஒரு மனிதரோ இருந்திருக்கக் கூடியவர். ஆகவே அது பொய்ச் செய்திக்கு நெருங்கியது என்பது அவருடைய மறுப்பின் சாரம். எகிப்தின் இப்னு பர்ரீ (இறப்பு ஹி. 582) ஹரீரியின் தரப்பில் நின்று விடை எழுதினார். உண்மையைப் போல் தோன்றும் கற்பனையை என்ன செய்வது என்னும் வினாவை, புதினம் என்ற சொல்லே நம்மை வந்தடையாத காலத்தில் அவர்கள் எழுப்பிவிட்டனர். நம் சார்பு ஹரீரிக்கே. ஆயினும் இப்னுல் கஷ்ஷாப் நூலைச் சாக்கில் கட்டவில்லை. வரிவரியாகப் படித்து மறுத்தார்.

நம் முன்னோர்களின் ஊர்களிலும் இக்கதைகள் வந்திறங்கின. 'அல்ஃப் லைலா'விலும் காணப்படும் செம்பு நகரத்தின் கதையை அரபுத்தமிழில் தந்தவர், கீழக்கரையின் பெரும் ஆலிமும் ஆன்மிக வழிகாட்டியுமான இமாமுல் அரூஸ் செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898) அவர்கள். 1885இல் 'அஸன்பேயுடைய கதை'யை எழுதிய கண்டியின் சித்திலெப்பை, சமுதாயச் சீர்திருத்தத்துக்கும் கல்விக்கும் உழைத்தவர். ஆலிமும் சீர்திருத்தவாதியும் கதையைக் கையிலெடுக்கத் தயங்கவில்லை. இவற்றுக்கு முன்பே கிஸ்ஸாக்களும் மசலாக்களும் படைப்போர்களும் வீடுகளில் ஓதப்பட்டன. 'யூசுபு நபி கிஸ்ஸா', 'சைத்தூன் கிஸ்ஸா', 'நூறு மசலா' என்று பெயர் தெரிந்தவை சில. பெயர் மறைந்தவை எத்தனையோ.

எம் நன்னியிடம் அத்தகைய நூல்கள் ஒரு கட்டு இருந்தன. பெரும்பாலும் அரபுத்தமிழ், மூலை மடங்கிய, எண்ணெய்க் கறை படிந்த ஏடுகள். மஃரிபுக்குப் பின் திண்ணையை ஒட்டிய உள்ளறையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுவர். நன்னி இராகமிட்டு ஓதுவார். தமிழ் எழுத்து அறியாத அவர் அவ்வளவையும் அரபு எழுத்திலேயே படித்தார். நாம் மதரஸாவில் சேர்ந்து சில கிதாபுகள் ஓதிய மிடுக்கில், விடுமுறையில் வந்தபோது, இவற்றுக்கு ஆதாரம் ஏது என்று அவரிடம் கேட்டதுண்டு. "ஆதாரம் ஒன் கிதாபுல இருக்கட்டும் வாப்பா. இது மனசுக்கு" என்று சிரித்தார். அவர் வஃபாத்தான பின், அரபு எழுத்து காலில் படலாகாது என்னும் மரியாதையால், பழைய முஸ்ஹஃபு ஏடுகளுடன் அக்கட்டையும் சேர்த்துப் பள்ளிவாசலின் பாழ்கிணற்றில் இட்டனர். கொண்டுசென்று இட்டவர்களுள் நாமும் ஒருவர். இட்ட செயலைக் குறைகூறுவதற்கில்லை. மார்க்க மரியாதை அது. இடுமுன் ஒரு தாளில் பெயர்களையாவது எழுதி வைத்திருக்கலாம். அன்று நமக்கு அது தோன்றவில்லை. இரண்டு மூன்று கதைகளின் துண்டுகள் நினைவில் உள்ளன; எந்த நூலில் உள்ளவை என்று தெரியவில்லை.

கதை நூல் எவ்வாறு பிழைக்கிறது என்பதற்கு ஒரு விந்தையான சான்று உண்டு. எகிப்திலிருந்து சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தை அடைந்த ஒரு கிழிந்த காகிதத்தை, நபியா அப்பாட் என்னும் அறிஞர் 1949இல் ஆராய்ந்து வெளியிட்டார். ஆயிரம் இரவுகள் நூலின் தலைப்பும் தொடக்க வரிகளும் அதில் இருந்தன. காகிதத்தில் எஞ்சிய இடங்களில் அஹ்மது இப்னு மஹ்ஃபூழ் என்பவர், ஒப்பந்தங்களுக்குச் சாட்சியம் எழுதும் வாசகத்தைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகியிருக்கிறார். அவர் இட்ட தேதி ஹிஜ்ரி 266 (கி.பி. 879). அதாவது ஃபிஹ்ரிஸ்த்துக்கு நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அந்நூலின் ஒரு பிரதி பழந்தாளாகிவிட்டது. அவர் தேதியிட்டுப் பழகியதால்தான் கதை ஏட்டின் பழமையை இன்று நம்மால் அறுதியிட முடிகிறது.

சென்ற ரமலான் விடுமுறையில் அந்த இரண்டு சாக்குகளையும் அவிழ்த்தோம். எலி கடித்தவை போக அறுபத்து மூன்று நூல்கள் இருந்தன. ஒரு நீளப் பேரேட்டில் ஒவ்வொன்றின் பெயரையும், ஆசிரியர் பெயரையும், அச்சான ஊரையும், பக்கத்தையும் எழுதினோம். சிலவற்றுக்கு எதிரே நம் கருத்தையும் குறித்தோம். எல்லாம் பாராட்டுரை அல்ல. மேலட்டையும் முதற்பக்கங்களும் போன ஒரு நூலுக்குப் பெயர் தெரியவில்லை. அதற்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். அபூ ஸைதைப் பற்றிக் கேட்ட மாணவர் இப்போது மவ்லவி பட்டம் பெற்று வேறோர் ஊரில் ஓதிக்கொடுக்கிறார். அவருக்குப் பேரேட்டின் நகலொன்றை அனுப்பினோம். மூலப் பேரேடு குதுப்கானாப் பொறுப்பாளரிடம் இருக்கிறது. நூல்களை அலமாரிக்கு ஏற்றுவது குறித்து நிர்வாகக் குழு இன்னும் முடிவு சொல்லவில்லை.